அத்தியாயம் 8: முயல் தின்னாமல் உட்கார்ந்துவிட்டால்

மாடு நோயில் விழுந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் எந்த ஊரிலும் பார்க்க ஆள் உண்டு. ஆட்டுக்கும் கோழிக்கும் அப்படித்தான். முயலைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் கட்டாயம் பார்ப்பார். ஆனால் அவர் காலையிலிருந்து சினை ஊசிக்கும் மடிநோய்க்கும் ஊர் ஊராக அலைந்துவிட்டு வந்திருப்பார், முயல் அவரிடம் எப்போதாவது வரும் நோயாளி. கூடலூரிலோ குமுளிச் சாலையிலோ இருப்பவர்களுக்குத் தேனி போய்ச் சேருவதே ஒரு பயணம்.

அதனால் டாக்டரைப் பார்க்கும்வரை உள்ள நேரம் உங்கள் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் நோயைக் குணமாக்குவது உங்கள் வேலை இல்லை. குடல் நின்றுபோகாமல், உடல் குளிர்ந்துபோகாமல், தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். இங்கே பல முயல்கள் சாவது நோயால் அல்ல, தவறான மருந்தாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற ஒத்திப்போடலாலும்தான்.

குறிப்பு: இந்த அத்தியாயம் வளர்ப்பு முயலுக்கானது. வயலிலோ மேகமலை அடிவாரத்திலோ காட்டுமுயல் குட்டி கிடைத்தால் வீட்டில் வைத்து வளர்க்காதீர்கள். அது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் விலங்கு. வனத்துறையிடம் சொல்லுங்கள்.

## நலமாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை

1. யாரிடம் போவது என்று முடிவு செய்யுங்கள். உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்கு ஒருமுறை நேரில் போய், முயல் பார்ப்பார்களா, எந்த நேரத்தில் டாக்டர் இருப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி 2020-இல் தேனிக்கு வந்தது; வீரபாண்டிப் பகுதியில் இருக்கிறது. சிக்கலான நோய்க்கு அங்கே விசாரிக்கலாம். அடுத்த படி மதுரை. 1962 என்ற இலவச எண் பண்ணைக் கால்நடைகளுக்காக அமைக்கப்பட்டது. முயலுக்கு வண்டி வரும் என்று நம்பிக் காத்திருக்காமல், எங்கே போகலாம் என்று வழி கேட்க அதைப் பயன்படுத்துங்கள்.

2. உங்கள் முயலின் கணக்கைக் குறித்து வையுங்கள். எடை, ஒரு நாளில் தின்னும் புல், குடிக்கும் தண்ணீர், போடும் புழுக்கை. நல்ல முயல் நாளுக்கு 200-க்கும் மேல் புழுக்கை போடும். எண்ண வேண்டாம், தட்டில் வழக்கமாக எவ்வளவு சேரும் என்று கண்ணுக்குப் பழகியிருந்தால் போதும்.

3. ஒரு டப்பாவில் இவற்றைப் போட்டு வையுங்கள்:

- டிஜிட்டல் தெர்மாமீட்டர் (முயலுக்கு மட்டும் என்று எழுதி ஒட்டுங்கள்), கொஞ்சம் வாசலின்
- 1 மி.லி., 5 மி.லி. சிரிஞ்சுகள், ஊசி கழற்றியவை
- சமையலறைத் தராசு
- பழைய துண்டுகள் இரண்டு
- முயல் தீவனக் குச்சி அரைக் கிலோ, ஈரம் படாத டப்பாவில்
- பஞ்சுத்துணி, சலைன் பாட்டில், சிறு இடுக்கி
- நோட்டும் பேனாவும்

## முதல் பத்து நிமிடம்: என்ன பார்க்க வேண்டும்

முயல் இரையாகும் விலங்கு. வலியை வெளியே காட்டாது. அது வலியைக் காட்டும்போது நோய் முற்றியிருக்கும். தொட்டுப் பார்க்கும் முன் தள்ளி நின்று பாருங்கள்.

1. உட்காரும் விதம். முதுகு கூனி, கண் பாதி மூடி, மூலையில் அசையாமல் இருக்கிறதா? பல்லை நறநறவெனக் கடிக்கும் சத்தம் கேட்கிறதா? இரண்டும் வலியின் அடையாளம்.
2. மூச்சு. ஓய்வில் நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இருக்கும். முயல் மூக்கால்தான் மூச்சு விடும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் வேறெதையும் பார்க்காமல் கிளம்புங்கள்.
3. தட்டு. புழுக்கை சிறுத்திருக்கிறதா, முடியில் கோத்துக்கொண்டு வருகிறதா, சுத்தமாக இல்லையா? அதிகாலையில் திராட்சைக் கொத்துப்போல் ஒட்டிக்கொண்டு, பளபளப்பாக வரும் மென்புழுக்கை வயிற்றுப்போக்கு அல்ல. அதை முயலே தின்றுவிடும்.
4. வயிறு. விரல்நுனியால் மெதுவாகத் தொடுங்கள். மாவுபோல் அமுங்குகிறதா, உப்பி இறுகியிருக்கிறதா? இறுகியிருந்தால் உடனே கிளம்ப வேண்டும். அழுத்தாதீர்கள்.
5. வெப்பம். முயலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்து, வாசலின் தடவிய தெர்மாமீட்டரை ஆசனவாயில் 1.5 முதல் 2 செ.மீ. மட்டும் நுழையுங்கள். திமிறினால் விட்டுவிடுங்கள்.

வெப்பத்தை இப்படிப் படியுங்கள்:

- 38.5 முதல் 39.5 டிகிரி செல்சியஸ் (ஃபாரன்ஹீட்டில் 101.3 முதல் 103.1): சரி.
- 38-க்குக் கீழே (100.4): ஆபத்து. முதலில் சூடு கொடுக்க வேண்டும், உணவு பிறகு.
- 39.5-க்கும் 40.5-க்கும் நடுவே: பயத்தாலும் ஏறும். நிழலில் அமைதியாக வைத்து அரை மணி கழித்துத் திரும்பப் பாருங்கள்.
- 40.5-க்கு மேலே (105): வெயில் தாக்கு அல்லது கடும் காய்ச்சல்.

தூக்கும்போது: காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு கை நெஞ்சுக்கடியில், மறு கை பின்னங்கால்களுக்கடியில். பின்கால் தொங்கினால் முயல் உதைக்கும். உதைக்கிற வேகத்திலேயே அதன் முதுகெலும்பு முறிந்துவிடும். மல்லாக்கப் படுக்கவைத்தால் அது அடங்கிக் கிடப்பது பயத்தால், நிம்மதியால் அல்ல.

## உடனே கிளம்ப வேண்டியவை

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம்:

- வாய் திறந்து மூச்சு, உதடு நீலம் பூத்தல்
- வயிறு திடீரென உப்பி இறுகுதல்
- வெப்பம் 38-க்குக் கீழே போய், சூடு கொடுத்தும் ஒரு மணி நேரத்தில் ஏறாமை
- பின்கால் இழுத்தல், வலிப்பு
- நாயோ பூனையோ கடித்தது (காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும்)
- குட்டிக்குத் தண்ணீராய்ப் பேதி
- உடலில் புழு வைத்தல்

## குடல் நின்றுபோனால்

வீட்டு முயலுக்கு அடிக்கடி வருவது இதுதான். பிஸ்கட், சோறு, கேரட் என்று கொடுத்துப் புல்லைக் குறைத்திருப்போம். அல்லது பல்வலி, வெயில், ஊர்மாற்றம், பட்டாசுச் சத்தம் ஏதோ ஒன்றால் முயல் தின்பதை நிறுத்தியிருக்கும். நார் உள்ளே போகாவிட்டால் குடல் அசைவு மந்தமாகும், வாயு சேரும், வலிக்கும். வலித்தால் இன்னும் தின்னாது. முயலால் வாந்தி எடுக்கவும் முடியாது. 10 முதல் 12 மணி நேரம் ஒன்றும் தின்னாமல் இருந்தால் அதை அவசரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டிய வரிசை (மாற்றாதீர்கள்):

1. டாக்டருக்குப் போன். வலி குறைக்கும் மருந்து இல்லாமல் பல முயல்கள் திரும்பத் தின்பதில்லை. அந்த மருந்தை அவர்தான் கொடுக்க முடியும். போன் பேசிவிட்டு அடுத்த படிகளைத் தொடங்குங்கள்.
2. சூடு. வெப்பம் 38.5-க்குக் கீழே இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் நிறைத்த பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கம் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும். சூடு மிஞ்சினால் முயல் நகர்ந்துகொள்ளும்.
3. வயிற்றைப் பாருங்கள். உப்பி இறுகியிருந்தால் வாயில் எதுவும் ஊட்டாதீர்கள். அடைப்பாக இருக்கலாம். நேராகக் கிளம்புங்கள்.
4. வாசனையான தழை. கொத்தமல்லி, புதினா, துளசி, புதிதாகப் பறித்த அருகம்புல் ஆகியவற்றை வாயருகே நீட்டுங்கள். ஒரு தண்டு தின்றாலும் லாபம்.
5. தண்ணீர். கிலோ எடைக்கு 5 முதல் 10 மி.லி. வெதுவெதுப்பான தண்ணீர், சிரிஞ்சில், துளித்துளியாக.
6. ஊட்டுணவு. முறை கீழே.
7. நடை. வழுக்காத தரையில் தானாக நடக்க விடுங்கள். வயிற்றை அமுக்கித் தடவ வேண்டாம்.

### ஊட்டுணவு தயாரிக்க

தீவனக் குச்சியை மிக்சியில் பொடியாக்குங்கள். ஒரு பங்கு பொடிக்கு மூன்று பங்கு வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அரை மணி ஊற வையுங்கள். மசித்து வடிகட்டினால் சிரிஞ்சு அடைக்காது. குச்சி கிடைக்காத ஊரில் நிழலில் உலர்த்திய அருகம்புல்லையோ குதிரைமசாலையோ நைசாக அரைத்து, வேகவைத்த பூசணியைக் கொஞ்சம் சேர்த்துக் கரைக்கலாம். பால், கஞ்சி, குழந்தைகளுக்கான தானிய மாவு, வாழைப்பழம் வேண்டாம். மாவுச்சத்தும் சர்க்கரையும் குடலில் கெட்ட கிருமியைத்தான் வளர்க்கும்.

### ஊட்டும் முறை

1. முயலைத் துண்டில் சுற்றி, நான்கு காலும் கீழே ஊன்றியபடி உங்கள் மடியிலோ மேசையிலோ வையுங்கள்.
2. சிரிஞ்சு முனையை முன்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில், வாயின் பக்கவாட்டில் நுழையுங்கள். நேராகத் தொண்டைக்கு நீட்டாதீர்கள்.
3. ஒரு தடவைக்கு அரை முதல் 1 மி.லி. முயல் மென்று விழுங்கிய பிறகே அடுத்தது.
4. முதல் வேளை கிலோவுக்கு 5 மி.லி. மட்டும். தாங்கினால் அடுத்த வேளை கிலோவுக்கு 10 மி.லி.
5. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரவிலும் எழுந்து கொடுங்கள். 2 கிலோ முயலுக்கு வேளைக்கு 20 மி.லி., ஒரு நாளைக்கு ஆறு வேளை, மொத்தம் 120 மி.லி. என்று கணக்கு.
6. முடிந்ததும் தாடையை ஈரத்துணியால் துடையுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு: அவசரத்தில் 5 மி.லி.யையும் ஒரே அழுத்தாக அழுத்துவது. மூக்கு வழியே வந்தாலோ இருமினாலோ நுரையீரலுக்குள் போகிறது என்று பொருள். நிறுத்தித் தலையைச் சற்றுத் தாழ்த்திப் பிடித்து, அது தேறும்வரை காத்திருங்கள்.

## சித்திரை வெயில்

இங்கே விற்கப்படும் வெள்ளை ராட்சத முயலும் சோவியத் சின்சில்லாவும் குளிர் நாட்டு இனங்கள். கொடைக்கானல் மலையில், மன்னவனூர் மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் இவற்றை வளர்ப்பது அங்கே குளிர் இருப்பதால்தான். அதே முயலை ஆண்டிபட்டியில் தகரக் கூரைக்கடியில் வைத்தால் சித்திரை தாங்காது. 30 டிகிரிக்கு மேல் அதற்குத் தவிப்பு தொடங்கிவிடும்.

அடையாளம்: காது சூடாகிச் சிவத்தல், வாயோரம் ஈரம், நீட்டிப் படுத்து வேகமாக மூச்சு வாங்குதல்.

1. நிழலுக்கும் காற்றோட்டத்துக்கும் மாற்றுங்கள்.
2. இரண்டு காதுகளையும் சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் திரும்பத் திரும்பத் துடையுங்கள். முயல் சூட்டை வெளியேற்றுவது காதின் வழியே.
3. ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அதிர்ச்சியில் செத்துவிடும்.
4. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பம் பாருங்கள். 39.5-க்கு வந்ததும் நிறுத்துங்கள், இல்லையென்றால் குளிர்ந்துவிடும்.
5. தேறினாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். வெயில் தாக்குக்கு அடுத்த நாள் குடல் நிற்பது வழக்கம்.

## மற்ற நான்கு தொல்லைகள்

பேதி. பால் மறந்த ஒரு மாதக் குட்டி முதல் மூன்று மாதக் குட்டி வரை ரத்தக் கழிச்சல் எனப்படும் காக்சிடியா நோய் பாயும். வயிறு பெருத்து, முதுகெலும்பு துருத்தும். இதற்கு டாக்டர் தரும் மருந்து உண்டு. உங்கள் பங்கு, தட்டைத் தினமும் சுத்தம் செய்வது: புழுக்கையில் வெளியேறும் கிருமி தொற்றும் நிலைக்கு வர ஓரிரு நாள் ஆகும், அதற்குள் அகற்றிவிட்டால் சங்கிலி அறுந்துவிடும்.

காதுச் சொறி, உடல் சொறி. காதுக்குள் அடுக்கடுக்காகக் காய்ந்த கரடு கட்டும். பிய்க்காதீர்கள், அடியில் பச்சைப் புண். கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயும் வேப்பெண்ணெயும் இங்கே கைவைத்தியம். முயல் தடவிய இடத்தை நக்கி விழுங்கும், கற்பூரம் விஷம். டாக்டர் போடும் ஐவர்மெக்டின் ஊசியும், அவர் சொல்லும் இடைவெளியில் அடுத்த ஊசியும் போதும். கூண்டையும் சேர்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். உடல் சொறி உங்கள் கைக்கும் ஏறும், கையுறை போடுங்கள்.

சளி. மூக்கொழுகி, துடைத்துத் துடைத்து முன்கால் உள்பக்க முடி சடையாகும். ஆனி, ஆடியில் மலைக்கணவாய் வழியே வீசும் காற்று நேரே கூண்டில் அடிக்கக் கூடாது. அதற்காகச் சாக்கு கட்டி முழுதாக மூடினால் மூத்திர நெடி சேர்ந்து சளியைக் கிளப்பும். காற்று வரும் பக்கம் மட்டும் மறையுங்கள். நோயுற்றதைத் தனியே பிரியுங்கள். மூக்கை ஈரப்பஞ்சால் துடைத்து வழி விடுங்கள்.

புழு வைத்தல். பின்புறம் ஈரமாகவே இருக்கும் முயலை ஈ மொய்த்து, ஒரே நாளில் புழு வைத்துவிடும். இடுக்கியால் கண்ணுக்குத் தெரிவதை எடுங்கள், சலைனால் கழுவி உடனே உலர்த்துங்கள், கிளம்புங்கள். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றும் டர்பன்டைனையோ பினாயிலையோ கொண்டு வராதீர்கள்.

## மருந்துக்கடையில் கை வைக்கக் கூடாதவை

- வாய்வழி அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின். குடலின் நல்ல கிருமியைக் கொன்று, சில நாளில் முயலையும் கொல்லும். வீட்டில் மிஞ்சிய குழந்தை சிரப் இதில் ஒன்றாகத்தான் இருக்கும்.
- டைசைக்ளோமைன் கலந்த வயிற்றுவலிச் சொட்டு மருந்து. குழந்தைக்கு என்று கடையில் தருவார்கள். இது குடல் அசைவை நிறுத்தும் மருந்து. நின்ற குடலை மேலும் நிறுத்தும். வாயுவுக்கு வெறும் சிமெத்திகோன் மட்டும் உள்ள சொட்டானாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டே கொடுங்கள். லேபிளைப் படியுங்கள்.
- பேதி நிறுத்தும் லோபராமைடு. அதே காரணம்.
- பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக். கைக்கணக்கில் கொடுக்க வேண்டாம்.
- ஃபிப்ரோனில். நாய் உண்ணிக்கு முதுகில் விடும் சொட்டும் ஸ்ப்ரேயும். முயலுக்கு விஷம்.
- மாட்டுக்கான ஐவர்மெக்டின் ஊசி. 1 மி.லி.யில் பத்து மி.கி. இருக்கும். முயலுக்குத் தேவைப்படுவது அதில் சொட்டளவே. கண்ணளவில் ஏற்றினால் மிஞ்சிவிடும்.

தழை பறிக்கும் இடம்: திராட்சைத் தோட்டத்திலும் ஏலக்காய்த் தோட்டத்திலும் வயல் வரப்பிலும் அறுத்த புல் வேண்டாம். போர்டோ கலவையும் பூச்சிமருந்தும் வரப்புப் புல்லிலும் படிந்திருக்கும். எப்போது மருந்து அடித்தார்கள் என்று தெரிந்த இடத்தில் மட்டும் பறியுங்கள். சவுண்டல் தழையை அதிகம் கொடுத்தால் முடி கொட்டும்.

## டாக்டரிடம் எப்படிப் பேசுவது

"முயல் டல்லா இருக்கு" என்றால் அவருக்கு ஒன்றும் தெரியாது. நோட்டைப் பார்த்து இப்படிச் சொல்லுங்கள்:

"வணக்கம் சார், சின்னமனூர்ல இருந்து பேசுறேன். வீட்டு முயல், ஆண், ரெண்டு வயசு, ஒண்ணே முக்கால் கிலோ. நேத்து ராத்திரி எட்டு மணியில இருந்து தின்னலை. புழுக்கை போடலை. வெப்பம் 38.2. வயிறு அமுங்குது, உப்பலை. இதுவரைக்கும் மருந்து எதுவும் கொடுக்கலை. தண்ணி மட்டும் 10 மி.லி. ஊட்டினேன். கூட்டிட்டு வரலாமா சார்?"

டாக்டர் முயலுக்குப் பழகாதவர் என்று தோன்றினால் தயங்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இந்த ஆன்டிபயாடிக் முயல் குடலுக்கு ஒத்துக்கும்ங்களா சார்?" "வலிக்கு ஏதாவது கொடுக்கலாமா சார்?" மயக்கம் கொடுத்துச் செய்யும் சிகிச்சை என்றால், நாயைப்போல் பட்டினி போடச் சொல்கிறார்களா என்று கவனியுங்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. பட்டினி அதற்குக் கேடு. மரியாதையாக நினைவூட்டுங்கள்.

### பயணம்

1. உடனே கிளம்ப வேண்டிய அவசரம் இல்லையென்றால் காலை எட்டு மணிக்குள் அல்லது பொழுது சாய்ந்த பின் கிளம்புங்கள். கம்பத்திலிருந்து தேனி சுமார் 40 கி.மீ. சித்திரையில் வீரபாண்டித் திருவிழா நடக்கும் நாட்களில் அந்தச் சாலையில் நெரிசல். கூடுதல் நேரம் வையுங்கள்.
2. காற்றுத் துளையுள்ள கூடை, அடியில் துண்டு, மேலே புல். அட்டைப்பெட்டி ஈரமானால் கிழிந்துவிடும்.
3. பஸ்ஸில் எஞ்சின் பக்கம் உட்காராதீர்கள். பைக்கில் என்றால் இருவர் போங்கள். பின்னால் இருப்பவர் கூடையை மடியில் வைத்துக்கொள்ளட்டும்.
4. புழுக்கையைக் கொஞ்சம் மூடிய டப்பாவில் கொண்டு போங்கள். கொடுக்கும் தீவனத்தின் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.

## திரும்பி வந்த பின்

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: நேரம், ஊட்டிய அளவு, புழுக்கை, வெப்பம். தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள்.

- நல்ல அடையாளம்: சிறிதாகவோ கோணலாகவோ முதல் புழுக்கை வருதல். அதன் பிறகும் ஊட்டுவதை நிறுத்த வேண்டாம். முயல் தானாகப் புல் தின்று, 24 மணி நேரம் தொடர்ந்து புழுக்கை போட்ட பிறகு வேளையைக் குறையுங்கள்.
- கெட்ட அடையாளம்: 24 மணி நேரம் ஊட்டியும் புழுக்கை இல்லை, எடை இறங்குகிறது, உடல் குளிர்கிறது. திரும்ப டாக்டரிடம் போங்கள். தேற வழியில்லை என்று அவர் சொன்னால், வலியில்லாமல் கண் மூட வைக்கக் கேட்பதில் குற்றம் ஒன்றுமில்லை. இறந்த முயலை வாய்க்காலில் விடாதீர்கள். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். கூண்டைக் கழுவி வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த முயல்.

தேறிய முயலுக்கு உணவைச் சீர் செய்யுங்கள். தட்டில் பெரும்பங்கு உலர்ந்த புல் இருக்க வேண்டும், எந்நேரமும். வைக்கோல் மட்டும் போதாது; அதில் சத்துக் குறைவு. வளர்ந்த முயலுக்குக் குதிரைமசால் அளவோடு, கீரை ஒரு கைப்பிடி, கேரட் எப்போதாவது.

ஒரு மாதத்துக்குள் அதே முயல் மறுபடியும் தின்னாமல் உட்கார்ந்தால் குடலைச் சந்தேகிக்காதீர்கள், கடைவாய்ப் பல்லைச் சந்தேகியுங்கள். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். தேயாத பல் கூர்முனையாகி நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். தழையை எடுத்து வாயில் வைத்துக் கீழே போடுதல், தாடை நனைந்திருத்தல், ஒரே பக்கம் மெல்லுதல் இதன் அடையாளம். முன்பல் நன்றாக இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். கடைவாயை டாக்டர் கருவி வைத்துத்தான் பார்க்க முடியும். நகவெட்டியால் பல்லை நறுக்கினால் வேர்வரை பிளந்துவிடும். அதை நீங்கள் செய்ய வேண்டாம். போன மாத நோட்டை எடுத்துக்கொண்டு போய், "பல் பாருங்க சார்" என்று சொல்லுங்கள்.